இருக்கத் தெரியாத வாங்கு

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் ஓடும். அதற்காகக் கரையில் காத்திருக்கும் நேரத்துக்கோ கணக்கில்லை. ஆகவே துறைக்குப் போகும் வழியில், பூவரச நிழலில், நாமும் அயலவர் சிலரும் பணங் கூட்டி ஒரு மரவாங்கு செய்து வைத்தோம். அன்று எமக்கிருந்த பெருமை கொஞ்சமன்று!

சோளகம் பிறந்தது, ஒரு காலை வாங்கு குப்புறக் கிடந்தது. நிமிர்த்தி வைத்தோம். பின்னொரு நாள் காணாமற்போய், கலியாண வீட்டுப் பந்தலில் அகப்பட்டது. இவற்றையெல்லாம் சிரித்துத் தள்ளினோம். ஆச்சி விழுந்த அன்றுதான் எமது சிரிப்பு அடங்கியது.

ஒரு தலைப்பில் அயல் வீட்டு ஆச்சி. மறு தலைப்பில் மூவர். படகின் ஓசை கேட்டதும் மூவரும் ஒருங்கே எழுந்தனர். காலுக்கு வெளியே நீண்டிருந்த பலகை ஆச்சியின் பாரத்தால் தாழ்ந்தது, வாங்கு கவிழ்ந்தது. அவருடைய மணிக்கட்டு முறிந்தது. "வாங்கு நல்ல வாங்குதான் தம்பி, அதுக்குத்தான் இருக்கத் தெரியேல்லை" என்றார், கட்டுப்போட்ட கையோடு.

மறுநாளே அலவாங்கு எடுத்தோம். ஒன்றரை அடியில் முருகைக்கல் தடுத்தது, நல்லதென்றே எண்ணினோம். குழியில் சீமெந்துக் கலவையிட்டு, இரும்பு ஆணிகளால் வாங்கின் கால்களைப் பிணைத்தோம். பிழை அங்கேதான் நேர்ந்தது. நன்னீர் அருமையான ஊரில் குடிநீரைச் சீமெந்துக்கு ஊற்ற மனம் வராமல், உவர்க்கிணற்று நீரில் கலவை குழைத்தோம். உப்பு இரும்பைத் தின்னும். கறளோ இரும்பைவிடப் பன்மடங்கு இடங் கேட்கும். மூன்று மாரி கழியுமுன் கலவை பிளந்து, வாங்கு மீண்டும் ஆடத் தொடங்கியது.

அப்போதுதான் தெருவோரச் சுமைதாங்கிகள் நினைவுக்கு வந்தன. கருவுற்ற நிலையில் மாண்ட பெண்களின் நினைவாக எம் முன்னோர் நாட்டியவை அவை. நிலத்தில் ஊன்றிய இரு கல், மேலே குறுக்காக ஒரு கல். இரும்பு மருந்துக்கும் இல்லை. நாமும் வாங்கின் கால்களைக் கழற்றி எறிந்தோம். இரு கற்றூண்களைப் பாறை வரை இறக்கி, இடுக்கெல்லாம் கல் செருகி இறுக்கினோம். ஒரு வாளி நீரும் செலவாகவில்லை. தூண்களை இரு தலைப்புக்கும் அருகே நிறுத்தி, வைரமேறிய பனம்பலகையை மேலே பூட்டினோம். பூட்டிய நான்கு ஆணிகளும் மொலிப்டினம் கலந்த 316 வகை உருக்கு. உப்புக் காற்றை நெடுங்காலம் தாங்குபவை. விலையைக் கேட்டபோது பலகையே மலிவென்று தோன்றியது.

ஆச்சி வந்தார். பலகையை ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்தார். பின்பு நடுவில் இடமிருந்தும், தலைப்பிலேயே போய் அமர்ந்தார்.