மாமா பார்த்த ஷிப்பிங் வேலை

ஹாம்பர்க், ஜெனோவா, ராட்டர்டாம் என்ற ஊர்களைப் பள்ளிக்கூடத்து மேப்பில் பார்ப்பதற்கு முன்பே அட்டைப்பெட்டிகளின் மேல் பார்த்துவிட்டேன். 1990களின் தொடக்கம் அது. ஆலங்காயத்தில் எங்களோடு இருந்த தாய்மாமா, வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க். லீவு நாளில் அழுது அடம்பிடித்தால் என்னையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார்.

கொடவுனில் மார்க் போடும் பெரியவர் ஒருவர் இருந்தார். எழுத்து வெட்டிய தகரத்தைப் பெட்டிமேல் அழுத்திப் பிடித்து, கறுப்பு மை தொட்ட பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுப்பார். வாங்குகிறவரின் பெயர்ச்சுருக்கம், இறங்கும் துறைமுகம், பெட்டி எண், எடை எல்லாம் வரிசையாக விழும். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு எழுத்து தலைகீழாக விழுந்து நான் பார்த்ததில்லை. எப்படி என்று கேட்டதற்கு, “எழுத்துக்கு வால் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும் நைனா” என்றார்.

காலி கன்டெய்னர் வந்து நின்றதும் மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே ஏறுவார். ஒருமுறை என்னையும் தூக்கி ஏற்றினார். “கதவச் சாத்துங்கப்பா!” என்று குரல் கொடுத்தார். இரும்புக் கதவு மோதி மூடியதும் உள்ளே கும்மிருட்டு. பழைய சரக்கின் நெடியும் வெக்கையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். “பயப்படாத. எங்கனா வெளிச்சம் தெரியுதா பாரு.” மேல்மூலையில் கடுகளவு ஒளிப்புள்ளி ஒன்று தெரிந்தது. “அதோ மாமா!” அவ்வளவுதான், அந்தக் கன்டெய்னர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஓட்டை வழியாகக் கடல் தண்ணீர் சொட்டினால் போதும், ஐரோப்பாவில் பெட்டியைத் திறக்கும்போது ஷூவெல்லாம் பூஞ்சை பூத்திருக்கும். ஓட்டையே இல்லாவிட்டாலும், பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் உள்ளே இருக்கும் ஈரம் கூரையில் நீராகக் கோத்துக்கொள்ளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது அதற்காகத்தான் என்று பின்னால் சொல்லிக்கொடுத்தார்.

சரக்கு ஏற்றும்போது எக்சைஸ் அதிகாரி வந்து நிற்பார். அவர் கண்முன்னே கதவு மூடி சீல் விழும். அந்த நேரத்துக்கு நான் கன்டெய்னரின் மேல் உள்ள எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். “கடைசி நம்பர மறைச்சுக்கினு கண்டுபுடி, பாக்கலாம்” என்பார் மாமா. ஏ என்றால் 10, பி என்றால் 12. 11, 22, 33 மூன்றையும் எந்த எழுத்துக்கும் தருவதில்லை. முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், அப்புறம் 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் 512 வரை பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம்; மீதி 10 வந்தால் பூஜ்யம். எழுதும்போது ஓர் எண் தவறினால் காட்டிக்கொடுக்க உலகம் முழுக்க இதே கணக்குதான். பள்ளியில் வகுத்தல் என்றால் ஓடிய நான் கொடவுன் தரையில் சாக்பீஸால் வகுத்துத் தள்ளினேன்.

லாரி மெட்ராஸ் ஹார்பருக்குக் கிளம்பிய பிறகுதான் மாமாவின் மெய்யான வேலையே ஆரம்பமாகும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், கடைசியில் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங். தம்புச் செட்டித் தெருவில் இருந்த கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசுக்கும் கஸ்டம்ஸ் ஹவுசுக்கும் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைவார். பணம் தருவதாக வெளிநாட்டு பேங்க் எழுதிக்கொடுக்கும் எல்.சி.யில் என்ன எழுதியிருக்கிறதோ அது எழுத்துப் பிசகாமல் இன்வாய்ஸிலும் வர வேண்டும். சரக்கு தங்கமாக இருந்தாலும் பேங்க்காரர்கள் பார்ப்பது காகிதத்தைத்தான். எழுத்து மாறினால் பணம் நின்றுபோகும்; பணம் நின்றால் சனிக்கிழமைச் சம்பளமும் நின்றுபோகும்.

தோலைப் பதனிடுகிறவரும் ஷூ தைக்கிறவரும் இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் மாமாவின் வேலையை ஊரில் ஒருவருக்கும் விளக்க முடிந்ததில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், “ஷிப்பிங்னு சொல்றீங்க, வருஷத்துல எத்தினி மாசம் கப்பல்ல இருப்பாரு?” என்று கேட்டார்கள். மாமா, “நான் மெரினாவுலகூட கால் நனைச்சதில்லைங்க” என்றார். அவர்கள் நம்பவில்லை. அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது.

இன்று அந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனிப் படிப்பும் பரீட்சையும் வந்துவிட்டன. கன்டெய்னரைச் சோதிக்க சர்வேயர்கள் இருக்கிறார்கள். தீப்பிடிக்கும் ஷூ பசையையும் தோல் மெருகு ரசாயனத்தையும் கப்பலுக்கும் விமானத்துக்கும் ஏற்ற முறையில் கட்டத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். மாமாவின் மகள் பரீட்சை எழுதி ஜி கார்டு வாங்கி, சென்னையில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீசில் இருக்கிறாள். கஸ்டம்ஸ் பத்திரங்களில் அவள் கையெழுத்து செல்லும். ஷிப்பிங் பில் கம்ப்யூட்டரிலேயே போய்விடுகிறது. 2017 முதல், பதிவு செய்த ஏற்றுமதிக் கம்பெனிகள் தாங்களே எலக்ட்ரானிக் சீல் போட்டு அனுப்ப வழி வந்துவிட்டது. அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. போன பொங்கலுக்கு அவள் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, மாமா கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்: “அப்போ தப்பா ஏத்திட்டா யாரும்மா நம்மளத் திட்டுவாங்க?”