துறப்பணமும் கருணையும்

தச்சுப்பட்டறையிற் பலகையைத் துளைக்கும் மின் துறப்பணமும், சத்திரசிகிச்சைக் கூடத்தில் எலும்பைத் துளைக்கும் துறப்பணமும் ஓரினத்தவை. முன்னதைக் கடையில் எவரும் வாங்கலாம். பின்னதோ பன்மடங்கு விலையுடையது. ஆயினும் இரண்டும் செய்வது துளையிடும் தொழிலே. அப்படியாயின் வேறுபாடு விலையிலா, கருவியிலா, அதைப் பிடிக்கும் கையிலா?

இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியவன் எங்கள் வீட்டு நாய் வீமன். சென்ற ஆண்டு மோட்டார் சைக்கிளில் அடிபட்டு அவனது தொடையெலும்பு முறிந்தது. தசை மிகுந்த அவ்விடத்தில் மட்டை வைத்துக் கட்டினால் எலும்பு அசையாது நில்லாது. உருக்குத் தகடு வைத்துத் திருகாணி பூட்டவேண்டும் என்றார் மிருக வைத்தியர். பிள்ளைகள் அழுதார்கள். அவர் அவர்களை அருகழைத்துத் தமது கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். அன்று கேட்டவற்றோடு, பின்னர் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எலும்பை உளியாலும் சுத்தியலாலும் வெட்டிய காலம் ஒன்றிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் எலும்பு அதிரும், சில்லுகள் தெறிக்கும். 1830ஆம் ஆண்டளவில் ஜெர்மனியரான பேர்ண்ஹாட் ஹைன என்பார், எலும்பை வெட்டுவதற்கென்றே கையாற் சுழற்றும் சங்கிலி வாளொன்றை அமைத்தார். இன்று மின்கலத்தால் இயங்கும் வாளும் துறப்பணமும் வந்துவிட்டன. அவ்வாளின் அலகு முழுவட்டமாகச் சுழல்வதில்லை. இருபுறமும் சிறிதே அசைந்து அசைந்து வெட்டுகின்றது. சுழலும் துறப்பணமோ அருகிலுள்ள தசையைச் சுற்றி இழுத்துவிடக் கூடும். ஆதலால் அதன் அலகை ஓர் உலோகக் குழலினூடாகவே செலுத்துவர்.

ஆனால் விசை மிகுந்த கருவிக்கு அடக்கமும் மிகுதியாக வேண்டும். 3.5 மில்லிமீற்றர் திருகாணிக்கு 2.5 மில்லிமீற்றர் துளையே இடப்படுகின்றது. காலெலும்பு குழல் போன்றது. அலகு அதன் இரு சுவர்களையும் கடக்கவேண்டும். இரண்டாஞ் சுவரைக் கடந்த கணமே கை நிற்கவேண்டும். அப்பாற் சென்றால் இரத்தக்குழாயும் நரம்பும் ஊறுபடலாம்.

இதனினும் நுட்பமான பகை வெப்பம். 47 பாகை செல்சியசு வெப்பம் ஒரு நிமிடம் தாக்கினாலே எலும்பு கெடத் தொடங்கும் என்பதைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் 1983இல் முயல்களிற் கண்டறிந்தனர். நாயின் உடல் வெப்பமே ஏறத்தாழ 38.5 பாகை, இடைவெளி எவ்வளவு சிறிது, பாருங்கள்! மழுங்கிய அலகை வைத்து அழுத்தினால் எலும்பு சூடேறும். சூட்டால் இறந்த எலும்பிலே திருகாணி நாளடைவில் தளரும். ஆகவே கூரிய அலகு, அளவான அழுத்தம், இடைவிடாது சொரியும் உப்புநீர் ஆகிய மூன்றும் வேண்டும்.

விலைக்கும் காரணம் உண்டு. சத்திரசிகிச்சைக் கருவிகளை 121 பாகைக்குக் குறையாத நீராவியிற் கிருமிநீக்குவர். கடைத் துறப்பணம் அதைத் தாங்காது. எனினும், கிருமிநீக்கிய உறையால் அதை முற்றாக மூடிப் பயன்படுத்தும் வைத்தியர்களும் உலகில் உளர். பணம் குறைந்த இடத்தில் தூய்மையும் பொறுமையும் குறையாவிட்டால், வாயில்லாச் சீவன்களுக்கும் வழி பிறக்கின்றது.

மூன்று மாதத்தில் வீமனின் எலும்பு பொருந்தியது. காலை ஊன்றாதே என்றால் மனிதர் கேட்பர். நாயோ மயக்கம் தெளிந்த சில நாட்களிலேயே ஊன்ற முயலும். ஆகவே தகட்டின் பிடி முதல் நாளிலேயே உறுதியாக அமைதல் வேண்டும். தவறினால் நோயாளி சொல்லிக் காட்டாது, நொண்டித்தான் காட்டும்.

பேராதனையில் மிருக வைத்தியம் பயில விழையும் மாணவர்களுக்கு ஒரு சொல். கருவியை இயக்கும் விசையை விரல் ஒரே நாளிற் கற்றுக்கொள்ளும். அதை நிறுத்தவேண்டிய கணத்தை அறியவே ஆண்டுகள் பல வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது எலும்புக்கும் பொருந்துமன்றோ?