மின்சார காரில் குற்றாலம்: விளம்பரத்தில் 315 கி.மீ... தென்காசி காற்றில் எவ்வளவு?

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களின் கண் மேற்கே மலை மீதே இருக்கும். உச்சியில் மேகம் இறங்கிவிட்டதா, பேரருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதுதான் டீக்கடைப் பேச்சு. சாரல் தொடங்கிய சேதி வாட்ஸ்அப்பில் பரவியதும் மதுரை, நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் என நாலா பக்கமிருந்தும் கார்கள் கிளம்பிவிடும். பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சார கார்களும் இப்போது அந்த வரிசையில் நிற்கின்றன.

அப்படி ஒரு காரைப் புதிதாக வாங்கிய வீட்டில், குற்றாலம் என்ற பேச்சு எடுத்ததுமே ஒரு கேள்வி எழும். பெரும்பாலும் அதைக் கேட்பது வீட்டின் மூத்தவராக இருக்கும். ``பெட்ரோல் தீர்ந்தா பாட்டில்ல வாங்கிட்டு வரலாம். கரன்ட் தீர்ந்தா எதுல வாங்கிட்டு வர்றது?''

சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய கேள்வி அல்ல இது. எட்டு, பத்து லட்சம் ரூபாய் கடன் போட்டு வாங்கிய கார். பல வீடுகளில் அதுதான் ஒரே கார். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும்போது, இருட்டில், மழையில், வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு ஷோரூமில் கிடைக்கும் பதில் ஓர் எண்: ``315 கிலோமீட்டர் போகும் சார்!''

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

2022 செப்டம்பரில் டாடா டியாகோ இவி அறிமுகமானபோது சொல்லப்பட்டது அது. 24 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரிக்கு 315 கி.மீ, 19.2 யூனிட் பேட்டரிக்கு 250 கி.மீ. 2023-ல் வந்த குட்டி கார் எம்.ஜி. காமெட்டுக்கு 17.3 யூனிட், 230 கி.மீ. இவையெல்லாம் சோதனைக் கூடத்தில் எடுக்கப்பட்ட எண்கள். உருளைகள் மீது காரை நிறுத்தி, ஏ.சி-யை அணைத்துவிட்டு, குறிப்பிட்ட கால அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவார்கள். எதிர்க்காற்று கிடையாது. டிக்கியில் பெட்டி கிடையாது. பின்சீட்டில் பாட்டியும் கிடையாது.

அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. முன்பு பல கம்பெனிகள் சொன்னது, இந்தச் சோதனையின் நகர ஓட்டப் பகுதியை மட்டும் வைத்து எடுத்த எண். மெதுவாக ஓடி, அடிக்கடி பிரேக் பிடித்தால் மின்சார கார் நன்றாகவே மைலேஜ் கொடுக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பிவிடும். 2024-ல் நெடுஞ்சாலை ஓட்டத்தையும் சேர்த்துச் சொல்லும் முறை வந்தது. உடனே எண்கள் இறங்கின. டாடா பன்ச் இவி-யின் 421 கி.மீ, 365 ஆனது. அதன் சிறிய பேட்டரிக்குச் சொல்லப்பட்ட 315, 265 ஆனது. காரும் அதேதான், பேட்டரியும் அதேதான். அதே ஆண்டு ஆகஸ்டில் கர்வ் இவி-யைக் கொண்டுவந்தபோது, 585 கி.மீ. என்ற சோதனை எண்ணோடு, சாலையில் 400 முதல் 425 வரை எதிர்பார்க்கலாம் என்று டாடா நிறுவனமே சொல்லிவிட்டது. ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது. புரோஷரில் இருக்கும் எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ஒரு காலத்தில் இதுகூடக் கனவுதான். 1993 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்ட `லவ்பேர்டு' என்ற இரண்டு சீட் மின்சார கார், கேரளாவின் சாலக்குடியிலும் நம்ம கோயம்புத்தூரிலும் உருவானது. ஒரு சார்ஜுக்கு 60 கி.மீ. நெல்லையில் கிளம்பினால் தென்காசி வந்து சேரும். திரும்பிப் போக முடியாது!

இனி, மதுரையிலிருந்து நான்கு பேர் 24 யூனிட் காரில் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்கு சுமார் 160 கி.மீ. ஏ.சி. ஓடுகிறது, வேகம் 80-ஐ ஒட்டி இருக்கிறது என்றால், யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று கணக்குப் போடுவது பத்திரம். பேட்டரியில் 15 சதவிகிதத்தை ஆபத்துக்கு என்று ஒதுக்கிவிட்டால் கைவசம் இருப்பது 20 யூனிட் சொச்சம். ஏழால் பெருக்கினால் 143 கி.மீ. அதாவது, கடையநல்லூர் பக்கத்தில் கையிருப்பில் கைவைக்க வேண்டி வரும். மலையெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, பிள்ளைகள் குஷியாகும் இடத்தில் அப்பாவுக்கு மட்டும் வியர்க்கும்.

தீர்வு எளிது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் பாதி வழி வந்துவிடும். எந்த சார்ஜர் வேலை செய்கிறது என்பதை முதல் நாளே ஆப்பில் பார்த்துவைத்து, ஃபாஸ்ட் சார்ஜரில் 40 நிமிடம் நின்றால், இந்த அளவு பேட்டரிக்கு 10, 12 யூனிட் ஏறிவிடும். ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, அரை கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வர அந்த நேரம் சரியாக இருக்கும். 80 சதவிகிதத்துக்கு மேல் காத்திருப்பது வீண். அதன்பிறகு சார்ஜ் ஏறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பின்னால் நிற்கும் காருக்கும் அது உபத்திரவம்.

மீட்டரைப் பார்த்து மிரளவும் வேண்டாம். கிளம்பும்போது 210 என்று காட்டியது, 20 கி.மீ. ஓடியதும் 170 என்று காட்டினால் பேட்டரி கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. முந்தைய நாள்களில் ஊருக்குள் நீங்கள் ஓட்டிய பழக்கத்தை வைத்து அது போட்ட ஊகம் அந்த 210. ரோடு மாறியதும் ஊகமும் மாறுகிறது.

மலை அல்ல, காற்று!

குற்றாலம் என்றதும் `ஏற்றத்தில் சார்ஜ் தீர்ந்துவிடுமே' என்று பலரும் பயப்படுகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காரை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, அரை யூனிட்கூட ஆகாது. மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓடுவதற்கான மின்சாரம்தான். குற்றாலம் ஊட்டியைப் போல மலை உச்சியில் இல்லை. மலையின் காலடியில் இருக்கிறது. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு, தென்மலை என்று கேரளா பக்கம் போனால்கூட, ஏறும்போது செலவானதில் ஒரு பங்கை இறக்கம் திருப்பித் தந்துவிடும்.

கொள்ளையடிப்பது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் இடைவெளி கிடைக்கும் இடங்களில் திமுதிமுவெனப் புகுந்து வரும். செங்கோட்டைக் கணவாய் அப்படியொரு வாசல். சாரலைக் கொண்டுவருவதும் அந்தக் காற்றுதான், ஆலங்குளம், சுரண்டை பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதேதான். தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். சுமார் 180 அடி உயர ஒன்பது நிலை ராஜகோபுரத்தின் கீழே நுழைந்தால், முந்தானையும் வேட்டியும் பறக்கிற அளவுக்கு எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும். சில அடிகள் உள்ளே போனதும் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

நெல்லையிலிருந்து தென்காசி வரும் கார் அந்தக் கோபுர வாசலில் நுழையும் பக்தரைப் போலத்தான். கிழக்கிலிருந்து மேற்காக, காற்றுக்கு எதிர்முகமாக வருகிறது. 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், கார் 100-ல் போவதாகவே காற்று நினைத்துக்கொள்ளும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அது ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். யூனிட்டுக்கு 8 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த கார் ஆறு, ஆறரைக்கு இறங்கலாம். கையிலேயே மருந்து இருக்கிறது: வேகத்தை 60-க்குக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு பழையபடி ஆகிவிடும். பாவூர்சத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவே பத்து நிமிடம் தாமதமானால் அருவி ஓடிவிடாது.

இந்த ரோட்டில் தூரம் ஒரு வழிக்கு 55 கி.மீ. அளவுதான். எதிர்க்காற்றில் போக 9 யூனிட், அங்கே ஐந்தருவி, பழைய குற்றாலம், இலஞ்சி, திருமலைக் கோயில் என்று 40 கி.மீ. சுற்ற 5 யூனிட், காற்று பின்னால் தள்ளத் திரும்பி வர 6 யூனிட். மொத்தம் 20. நெல்லைக் குடும்பம் 24 யூனிட் காரில் காலையில் போய், குளித்து, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம், எங்கும் சார்ஜ் போடாமலே. ஆனால் 17.3 யூனிட் காமெட்டில் வந்தால் எங்காவது ஒரு இடத்தில் சொருகித்தான் ஆக வேண்டும்.

காசு கொடுத்தால் கவலை குறையும் என்பதும் உண்மை. தென்காசியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் தூத்துக்குடியில், 2025 ஆகஸ்ட் 4-ல் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையில் தயாராகும் வி.எஃப்.6 காருக்கு 59.6 யூனிட் பேட்டரி, சொல்லப்படுவது 468 கி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலும் தூத்துக்குடி-குற்றாலம் போய்வந்து மிச்சம் இருக்கும். 2025-ல் அறிமுகமானபோது ஆரம்ப விலை 16.49 லட்சம். டியாகோ இவி வந்தபோது 8.49 லட்சம். ஆண்டுக்கு இரண்டு முறை குற்றாலம் போவதற்காக எட்டு லட்சம் கூடுதலாகப் போடுவதைவிட, ராஜபாளையத்தில் 40 நிமிடம் நிற்பதே புத்திசாலித்தனம்.

தங்குகிறவர்களுக்கு விஷயம் இன்னும் சுலபம். ரூம் புக் செய்யும்போது `ஏ.சி. ரூமா, ஹீட்டர் உண்டா' என்று கேட்பதோடு, `பார்க்கிங் பக்கம் 15 ஆம்ப் பிளக் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா' என்றும் கேட்டுவிடுங்கள். எர்த் சரியில்லை என்றால் காரோடு கொடுக்கும் சார்ஜர் பெரும்பாலும் வேலை செய்யாது. பிளக் எட்டவில்லை என்று சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. மணிக்கணக்கில் மூன்று கிலோவாட் இழுக்கும்போது ஒயர் சூடேறி உருகிவிடும். சாரலில் நனைந்த தரையில் அது விளையாட்டுக் காரியமில்லை. ஒழுங்கான பிளக்கில் மாட்டினால் ராத்திரி எட்டு, ஒன்பது மணி நேரத்தில் பேட்டரி நிரம்பிவிடும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 200 ரூபாய் பக்கம்தான் வரும். லாட்ஜ்காரரிடம் முன்கூட்டியே பேசி, கேட்கிறதைக் கொடுத்துவிடுவது மரியாதை.

சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்துக்குள் கார்கள் எறும்பாக ஊர்வதைப் பார்த்து `சார்ஜ் போகிறதே' என்று பதற வேண்டியதில்லை. நிற்கும் காருக்கு ஏ.சி-யைத் தவிர வேறு பெரிய செலவு இல்லை. ஒரு மணி நேரம் ஏ.சி. ஓடினால் ஒரு யூனிட் போகலாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அதுவும் மிச்சம், சாரலும் இலவசம்.

திரும்பும் வழியில்தான் காற்று கணக்கைத் தீர்க்கிறது. தென்காசி தாண்டி கிழக்கே திரும்பியதும், மீட்டரில் ஒரு கிலோமீட்டர் குறைவதற்குள் ரோட்டில் ஒன்றேகால் கிலோமீட்டர் ஓடியிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தைரியத்தில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் இறங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டிய கத்திரிக்காய், வெண்டைக்காய், சின்ன வெங்காயத்தை டிக்கியில் ஏற்றிக்கொள்ளலாம். இருபது கிலோ ஏறினால் மீட்டர் ஒன்றும் அசையாது.