தள்ளியவர் யார்?

ஆண்டுதோறும் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர்க்கு அதன் கிரியைகளை விளக்கிக் கூறுவது நமது வழக்கம். 2006ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று, மினாவில் கல்லெறியச் சென்ற ஹாஜிகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் ஜமராத் பாலத்து வாயிலில் நெரிசலுண்டு மாண்டனர். அடுத்து நடந்த வகுப்பில் அதனைச் சுட்டி, "பொறுமையின்மையே அவர்களைக் கொன்றது" என்றோம். வகுப்பு முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து ஒரு பெண்மணி, "என் வாப்பாவும் அங்கேதான் வஃபாத்தானார், ஹஜ்ரத். அவர் யாரையும் தள்ளுகிறவர் அல்லர்" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை.

அம்மறுமொழி பல ஆண்டுகள் கழித்தே கிட்டியது. நம்மிடம் அரபி பயின்று, பின்னர் இயற்பியல் ஆசிரியரான மாணவர் ஒருவர் வந்திருந்தார். எண்ணற்ற அணுக்களின் இயக்கத்தைத் தொகுத்துக் கணிக்கும் புள்ளியியல் இயற்பியல், இன்று பறவைக் கூட்டத்தையும் மீன் கூட்டத்தையும் மனிதத் திரளையும் ஆராய்கின்றது என்றார். டிர்க் ஹெல்பிங் என்னும் ஜெர்மானிய அறிஞரும் அவர்தம் தோழர்களும் அந்நாளைய மினா ஒளிப்பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவுகளையும் எடுத்துரைத்தார்.

முதலில் கூட்டம் ஆறுபோல் சீராகச் சென்றது. நெருக்கம் மிகவே, நிற்பதும் நகர்வதுமான அலைகள் பின்னோக்கிப் பரவின. மேலும் மிகவே, கொந்தளிப்பு எழுந்தது. உடலோடு உடல் ஒட்டிய அந்நிலையில் ஒருவர் அசைவு அடுத்தவர்மீது பாய்ந்து, நினையாத திசைகளிலெல்லாம் மக்களை உந்தித் தள்ளியது. அங்கே தனிமனித விருப்பத்திற்கு இடமில்லை. முன்னே விழுந்தவரைப் பின்னே நிற்பவர் காண்பதுமில்லை.

ஆகவே, பொறுமையைப் போதித்தால் மட்டும் போதாது. வழியும் வகுக்கப்படல் வேண்டும். அடுத்த ஹஜ்ஜிலேயே ஒருவழிப் பாதைகளும் நேர ஒதுக்கீடும் வந்தன. பழைய பாலம் இருந்த இடத்தில் பல அடுக்குப் பாலம் எழுந்தது. எனினும் 2015 செப்டம்பர் 24 அன்று மினாவின் வீதிச் சந்திப்பொன்றில் மீண்டும் பேரிடர் நேர்ந்தது. திரளின் இயல்பை ஓரிடத்தில் அறிந்து வேறோரிடத்தில் மறத்தலாகாது என்பதற்கு அது சான்று.

மாணவர் விடைபெற்ற மறுநாளே அப்பெண்மணியின் இல்லம் தேடிச் சென்றோம். அறியாது உரைத்த சொல்லுக்கு மன்னிப்புக் கோரினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இதை வகுப்பிலும் சொல்லுங்கள், ஹஜ்ரத்" என்றார்.

ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம்.