தூரைக் கலக்காமல்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையை விட்டு மேற்கே திரும்பினால், மலையடிவாரம் வரை தோப்புகள். இடையிடையே கல்கட்டுக் கிணறுகள். அப்படியொரு கிணற்று மேட்டில் உள்ளூர் இளைஞர்கள் சிலர், நீருக்கடியில் செல்லும் சிறிய கருவியை இயக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன்.

கருவியின் எடை பத்துக் கிலோ இருக்கும். ஆறு சிறு மோட்டார்கள், ஒரு கேமரா, விளக்குகள். ரேடியோ அலை தண்ணீருக்குள் சிறிது தூரத்திலேயே அடங்கிவிடும், ஜிபிஎஸ்ஸும் எட்டாது. கட்டளை கீழே போவதும் படம் மேலே வருவதும் ஒரு மெல்லிய கேபிள் வழியாகத்தான்.

ஜாய்ஸ்டிக்கைத் தொடும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. மின்சுற்று உள்ள குழாயின் மூடியில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று. அதைக் கழற்றித் துடைத்து, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார்த்து, சிலிகான் கிரீஸ் லேசாகப் பூசி, பள்ளத்தில் பதிய வைக்கிறார்கள். ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் கசிந்துவிடும்.

அடுத்து எடை கட்டுதல். மோட்டார் நின்றால் கருவி தானாக மெல்ல மேலே வர வேண்டும். அந்த அளவுக்குத்தான் ஈயத்துண்டுகளைக் கட்டுவார்கள். கிணற்றுக்குச் சரியாக இருக்கும் எடை தூத்துக்குடிக் கடலுக்குப் போதாது. உப்புநீரின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதல். பத்துக் கிலோ கருவிக்குக் கால் கிலோ சேர்த்துக் கட்ட வேண்டும்.

இயக்குபவரைப் பைலட் என்கிறார்கள். கேபிள் பிடிப்பவரின் கையும் அதே அளவுக்குத் தேர்ந்திருக்க வேண்டும். தளர விட்டால் உள்ளே நீட்டியிருக்கும் கல்படியில் மாட்டும். இறுக்கினால் கருவி நகராது. கருவி வலப்பக்கம் எத்தனை சுற்று சுற்றியதோ, அத்தனை சுற்று இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். இல்லையென்றால் கேபிள் முறுக்கிக்கொள்ளும். பக்கத்தில் இரும்புக் குழாய் இருந்தால் திசைகாட்டியையும் நம்ப முடியாது. சுவரின் கல்வரிசையைப் பார்த்தே திசை அறிய வேண்டும்.

கிணற்றில் விழுந்த மோட்டாரையும், சில வேளை மனிதர்களையும் மூச்சடக்கி முங்கி எடுத்துவந்த பெரியவர் ஒருவர் பாம்பேறியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கருவி அடியை நெருங்கியதும் குரல் கொடுத்தார்: “தம்பி, தூரைத் தொட்டுராதீங்க. கலங்கிட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாது.”

“சரிங்க அண்ணாச்சி” என்று பைலட் ஆழத்தை நிலைநிறுத்தும் பொத்தானை அழுத்தினார். கருவி தூருக்கு மேலே அசையாமல் நின்றது. திரையில் வண்டலும், பாதி புதைந்த ஃபுட்வால்வும் தெளிவாகத் தெரிந்தன. எங்கே கயிறு கட்டலாம் என்று படத்தைப் பார்த்தே பெரியவர் சொன்னார். உடம்பால் அவர் கற்றதை இளைஞர்கள் திரை வழியாகக் கற்கிறார்கள்.

சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ரோசப் 6000 என்ற கருவி, 2010இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. அவ்வளவு ஆழம் தொட்ட அறிவு நம் கிணறுகளுக்கும் கண்மாய் மடைகளுக்கும் வந்துசேர வேண்டாமா? கிணறுகள் நிறைந்த மாவட்டங்களின் தீயணைப்பு நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். முங்கி எடுக்கும் தொழிலாளிகளை அங்கே ஊதியம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். கலங்கிய தண்ணீருக்குள் ஆள் இறங்கும் முன் கருவி இறங்கட்டும்.