கறுப்பு பெல்ட்டைக் கொடுத்தது யார்?

மதுரை விளாங்குடியில் பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, "பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும் மாஸ்டர்?" என்பதுதான். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்த பெல்ட்டைக் கொடுக்கப் போவது யார்?

பெல்ட் கட்டுவது ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானின் பழைய வாள்வீச்சுப் பள்ளிகளில் இந்த கலர் பெல்ட்டெல்லாம் கிடையாது. கூடவே இருந்து கற்றுத் தேறிய சீடனுக்கு குரு தன் கைப்பட ஒரு சான்று எழுதித் தருவார். அதற்கு மென்க்யோ என்று பெயர். நம்ம ஊர் சிலம்பத்தில் "உன் வாத்தியார் யாருப்பா?" என்று கேட்டு ஆளை எடை போடுவார்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

1882ல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோதான், 1883ல் தன் மாணவர்கள் இருவருக்கு முதன்முதலாக 'டான்' என்ற படிநிலையைக் கொடுத்தார். கராத்தேயில் கிச்சின் ஃபுனகோஷி அதைக் கொடுத்தது 1924ல். முதல் டானை ஷோடான் என்பார்கள். தொடக்கப் படி என்று அர்த்தம். அதாவது கறுப்பு பெல்ட் கட்டியவன் அடிப்படையை முடித்திருக்கிறான், அவ்வளவுதான்.

இங்கே மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். டான் என்பது தரம். ஒரு சங்கத்தின் பதிவேட்டில் பெயர் இருப்பது உறுப்பினர் தகுதி. கற்றுக்கொடுக்கும் உரிமை மூன்றாவது. ரென்ஷி, க்யோஷி, ஹான்ஷி என்று ஆசிரியர்களுக்கான பட்டங்கள் டானிலிருந்து தனியாகவே இருக்கின்றன. 'சென்செய்' என்பது பட்டமே இல்லை, ஆசிரியரை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

கராத்தேக்கு உலகம் முழுவதற்கும் ஒரே சங்கம் கிடையாது. ஷோட்டோகான், கோஜு ரியூ, இஷின் ரியூ என்று பிரிவுகள் பல, ஒவ்வொன்றிலும் சங்கங்கள் பல. ஒரு சங்கம் கொடுத்த டானை இன்னொரு சங்கம் ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. போட்டிகளை நடத்துகிற கூட்டமைப்புகளின் கதை வேறு. 2020ல் உலக கராத்தே சம்மேளனம், கராத்தே அசோசியேஷன் ஆஃப் இந்தியாவுக்குத் தந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. சண்டை நிர்வாகிகளுக்குள், தவிப்பு பிள்ளைகளுக்கு! அதற்காக யார் இடுப்பிலிருந்தும் பெல்ட் கழன்றுவிடவில்லை. ஆனால் சர்வதேசப் போட்டிக்குப் போக பெல்ட் மட்டும் போதாது. கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவிலும் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழைத்தான்.

பெரிய சங்கத்தில் இல்லாத மாஸ்டர் எல்லாம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. சங்கத்தோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்த நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சான்றிதழ் உதைக்காது, உதைக்கக் கற்றுத்தரவும் செய்யாது. பிள்ளையின் உடம்பு தேறினால் போதும் என்பவர்கள் ஒரு வாரம் வகுப்பைப் பார்த்தாலே முடிவு செய்துவிடலாம்.

போட்டி, கோட்டா என்று கனவு இருப்பவர்கள், பெல்ட் டெஸ்டுக்குப் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேட்கட்டும். மாஸ்டருக்கு டான் கொடுத்தது யார்? பிள்ளையின் பெயர் எந்தச் சங்கத்தில் பதிவாகும்? அந்தச் சங்கத்தை இன்றைக்கு ஏற்றுக்கொள்வது யார்? நல்ல மாஸ்டர் கோபப்படாமல் பதில் சொல்வார்.