அப்பத்தின் வீடு: பிராக் பட்டணத்தில் முதல் மூன்று நாட்கள்



2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நானும் என் மனைவியும் செக் குடியரசின் தலைநகராகிய பிராக் பட்டணத்திற்குச் சென்றுவரக் கர்த்தர் வழிதிறந்தார். அங்கே வேலைசெய்யும் என் தம்பி மகன் பயணச்சீட்டு அனுப்பியிருந்தான். இருபத்தைந்து ஆண்டுகளாக மும்பைத் தமிழ்ச் சபையில் ஊழியஞ்செய்யும் எங்களுக்கு இதுவே முதல் ஐரோப்பியப் பயணம்.

சென்றிறங்கிய மாலையே அவன் எங்களைச் சார்லஸ் பாலத்திற்கு அழைத்துச் சென்றான். இரவு எட்டு மணியாகியும் பகல்போல் வெளிச்சம் இருந்தது. 1357இல் பேரரசர் நான்காம் சார்லஸ் காலத்தில் கட்டத் தொடங்கிய கற்பாலம் அது. நீளம் 516 மீட்டர். இருபுறமும் 30 சிலைத் தொகுதிகள் நிற்கின்றன. வாகனங்களுக்கு அனுமதி இல்லையாதலால் வல்டாவா நதியைப் பார்த்தவண்ணம் நிதானமாய் நடந்தோம்.

மறுநாள் பழைய நகரச் சதுக்கம் சென்றோம். அங்குள்ள வானியல் கடிகாரம் 1410இல் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு சிறு ஜன்னல்கள் திறக்க, பன்னிரண்டு அப்போஸ்தலரின் உருவங்கள் வரிசையாய் வந்து மறைகின்றன. முடிவில் ஒரு பொற்சேவல் கூவுகிறது. "பேதுருவுக்காகத்தான் இன்னும் கூவுகிறதோ?" என்றாள் என் மனைவி.

மூன்றாம் நாள் தம்பி மகன் வேலைக்குச் சென்றுவிட்டான். 72 மணி நேரப் பயணச்சீட்டு கையில் இருந்ததால் இருவரும் துணிந்து டிராம் ஏறினோம். சதுக்கத்தைச் சுற்றிய உணவகங்களில் விலை அதிகம். ஆகவே ஒரு சந்தில் உள்ளூர் மக்கள் நிரம்பியிருந்த சிறிய உணவகத்திற்குள் நுழைந்தோம். உணவுப் பட்டியல் முழுவதும் செக் மொழியில் இருந்தது. எழுத்து ஆங்கில எழுத்துப்போலத்தான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கைப்பேசியில் இணைய வசதியும் இல்லை. விரலால் இரண்டு வரிகளைச் சுட்டிக்காட்டினேன்.

முதலில் உருளைக்கிழங்கு சூப் வந்தது. காளானும் மூலிகையும் மணக்க, நன்றாகவே இருந்தது. அடுத்து வந்தது கரிய நிறத் தொத்திறைச்சி. ஐயத்தோடு பணிப்பெண்ணை நோக்கினேன். அவள் தேடித்தேடி ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னாள்: "பிளட்." பன்றியின் இரத்தமும் தானியமும் சேர்த்துச் செய்வதாம். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கிற நான் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தேன். சுற்றிலும் எல்லாரும் திருப்தியாய்ச் சாப்பிட, நாங்கள் அப்பத்தோடு எழுந்தோம். குறை உணவில் இல்லை. எங்களுக்குப் பாஷை தெரியவில்லை.

அங்கிருந்து சில தெருக்கள் நடந்து பெத்லகேம் சிற்றாலயத்தை அடைந்தோம். வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திர வகுப்பில் படித்த பெயர். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. வழிபாடு இலத்தீனில் நடந்த காலத்தில், சாதாரண ஜனங்களுக்குச் செக் மொழியில் பிரசங்கிப்பதற்கென்றே 1391இல் இது நிறுவப்பட்டது. 1402 முதல் ஜான் ஹஸ் இங்கே பிரசங்கித்தார். ஏறக்குறைய 3000 பேர் கேட்கக்கூடிய இடம். 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸ் நகரில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். ஆலயம் 1786இல் இடிக்கப்பட்டது. இன்று காண்பது, எஞ்சிய பழைய சுவர்களோடு 1950களில் மீண்டும் கட்டியது. உள்ளே ஒரு பழைய கிணறும் உண்டு.

அதன் அருகே நின்றபோது என் இருதயம் குத்துண்டது. எங்கள் சபை வாலிபர் இரண்டு ஆண்டுகளாய் என்னிடம் ஒன்று கேட்டுவந்தனர்: "ஐயா, செய்தி எங்களுக்குப் பாதிதான் விளங்குகிறது, மாதம் ஒருமுறையாவது இந்தியில் சொல்லுங்கள்." தாய்மொழியை விடலாகாது என்று ஒவ்வொருமுறையும் மறுத்தேன். ஹஸ் தம் ஜனத்தின் பாஷைக்காக நின்றதை என் பக்கத்துச் சாட்சியாகவே எண்ணியிருந்தேன். ஆனால் அவர் நின்றது கேட்கிறவனுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அல்லவா? சற்றுமுன் நான் பசியோடு எழுந்ததுபோல, என் பிள்ளைகளும் ஞாயிறுதோறும் எழுந்து போயிருக்கிறார்கள்.

அன்றிரவு தம்பி மகன் வீட்டில் ரசமும் சோறும் உண்டோம். என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "வாலிபர் கேட்டபோதே நான் சொன்னேனே" என்றாள்.

இப்போது மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் இந்தி ஆராதனை நடத்துகிறோம். மூப்பர் சிலருக்கு இன்னும் வருத்தமுண்டு. காலை ஆராதனை தமிழில்தான். அதற்குப்பின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கவும் கற்பிக்கிறோம். இரண்டுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.